தேய்த்தெடுத்த பளபளப்பு

மாடல் கார் கட்டுகிற பையன்கள் என்னிடம் கொண்டுவரும் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான். நிறம் நன்றாக வந்தது சார், டீக்கால் நன்றாக உட்கார்ந்தது, கடைசியில் கிளியர் அடித்தேன், எல்லாம் கெட்டது. கையில் வாங்கிப் பார்த்தால் கூரையில் இரண்டு தூசி, பானட்டில் ஆரஞ்சுத் தோல், கதவுக்குக் கீழே ஒரு வழிசல். கெடவில்லை தம்பி, பாதி வேலை முடிந்திருக்கிறது என்பேன். மனசு நோகக் கூடாதென்று சொல்கிறேன் என நினைத்துக்கொள்வார்கள். நான் சொல்வது தொழிலின் பழைய கணக்கு. பல நூற்றாண்டுகளாக, உயர்ந்த பளபளப்பு வேண்டியவர்களுக்குப் பூசுவது பாதி, தேய்ப்பது பாதி. இரண்டாவது பாதிக்குத் ‘திருத்தம்’ என்று பெயர் வந்தது மிகச் சமீபத்தில்தான்.

நான் இந்த வேலையைக் கற்றது புதுப்பேட்டைப் பக்கம் மாமா வைத்திருந்த டிங்கரிங் ஷெட்டில். அம்பாசிடரும் பத்மினியும் வந்து போன காலம். பெயிண்டர் மேஸ்திரி ஸ்ப்ரே கன்னைக் கையில் எடுக்கும் நேரம் குறைவு. பட்டி வைத்து, காயவிட்டு, வாட்டர் பேப்பரை வாளித் தண்ணீரில் முக்கி முக்கித் தேய்ப்பதுதான் நாள் முழுக்க. தேய்த்த இடத்தை அவர் கண்ணால் பார்க்க மாட்டார். ஈரத் தகரத்தின்மேல் உள்ளங்கையை விரித்து வைத்து மெல்ல இழுப்பார். எங்கேயாவது கை நின்றால் மறுபடி வாட்டர் பேப்பர். நிறம் அடித்த மறுநாளும் அதே வாளி, அதே தண்ணீர், இன்னும் நைசான பேப்பர். அதன் பிறகு காம்பவுண்ட், பழைய பனியன் துணி. கன்னிலிருந்து இறங்கிய கார் அந்த ஷெட்டில் மங்கலாகத்தான் நிற்கும். அதை ஒரு குறையாக யாரும் பேசியதில்லை.

மாடல்களுக்கு வந்த பிறகுதான் அந்த வாளித் தண்ணீரின் வம்சாவளியைத் தேடிப் படிக்க ஆரம்பித்தேன். தேடல் ஜப்பானில் போய் நின்றது.

உருஷி மரத்தைக் கீறினால் வடியும் பால்தான் ஜப்பானிய அரக்கு. பச்சையாகத் தோலில் பட்டால் கொப்புளிக்கும். அது காயும் விதமே வேறு. நம் பெயிண்டுகளில் தின்னர் ஆவியாகிப் படலம் இறுகும். உருஷிக்கு ஈரம் வேண்டும். பாலில் உள்ள ஒரு நொதி, காற்றின் ஈரப்பதம் 70, 80 சதவீதம் இருக்கும்போதுதான் சரியாக வேலை செய்து படலத்தை இறுக்குகிறது. அதனால் பூசிய பொருளை ஈரம் தெளித்த மர அலமாரிக்குள் வைத்துப் பூட்டுவார்கள்.

அங்கே கடைசிப் பூச்சில் இரண்டு வழிகள் இருந்தன, இன்றும் இருக்கின்றன. ஒன்று நுரிதாதே: தூரிகை வைத்தபடியே விட்டுவிடுவது. அதற்குத் தூசியே ஆகாது. விழுந்த தூசியை ஈரமாக இருக்கும்போதே பறவை இறகின் தண்டு நுனியால் ஒவ்வொன்றாகத் தூக்கி எடுப்பார்கள். இன்னொன்று ரோயிரோ. பூசி இறுகியதும், தனியாகச் சுட்டெடுத்த மெல்லிய கரியால் தண்ணீர் விட்டுத் தேய்ப்பார்கள். தூரிகைக் கோடு, தூசி, மேடு எல்லாம் அதில் போகும். பளபளப்பும் சேர்ந்து போகும். மங்கிக் கிடக்கும் அந்தப் பரப்பில் மறுபடி உருஷியைப் பூசித் துடைத்துவிட்டு, மான் கொம்பைச் சுட்டுப் பொடித்த நைஸ் தூளை எண்ணெயோடு விரலில் எடுத்துத் தேய்த்துக்கொண்டே இருப்பார்கள். கண்ணாடி மாதிரி முகம் தெரியும் கறுப்பு அப்படித்தான் எழும்பியது. கடைசிக் கருவி மனிதத் தோல்.

தோகிதாஷி மக்கியே என்றொரு முறையும் உண்டு. ஈர அரக்கில் சித்திரம் வரைந்து அதன்மேல் தங்கத் தூளைத் தூவுவார்கள். அதன்மேலே அரக்கைப் பூசிச் சித்திரத்தை முழுதாக மூடிவிடுவார்கள். பிறகு கரியால் தேய்த்து, புதைந்த சித்திரத்தை மேலே கொண்டுவருவார்கள். முடிந்த பெட்டியில் விரல் ஓட்டினால் தங்கம் எங்கே தொடங்குகிறது, அரக்கு எங்கே முடிகிறது என்று தெரியாது. பந்தயக் கார் மாடலில் எண் டீக்கால் ஒட்டி, மேலே கிளியர் அடித்து, டீக்கால் விளிம்பு கையில் தட்டாமல் போகும் வரை சமன்படுத்துகிறோமே, அந்த வேலையின் மூத்த உறவு இதுதான். அவர்கள் சித்திரம் தெரியும் வரை தேய்த்தார்கள். நாம் டீக்காலைத் தொடுவதற்கு ஒரு மயிரிழை முன்னால் நிறுத்துகிறோம்.

ஐரோப்பியர்களுக்கு இந்தப் பெட்டிகளின்மேல் தீராத ஆசை வந்தது. மரம் அங்கே இல்லை, பாலும் கப்பலில் கெடாமல் போய்ச் சேராது. அதனால் ஷெல்லாக், சண்டாரக், கோப்பல் போன்ற பிசின்களைக் கரைத்துப் போலியாகச் செய்து பார்த்தார்கள். 1688-இல் ஆக்ஸ்ஃபோர்டில் ஸ்டாக்கர், பார்க்கர் இருவரும் எழுதி வெளியிட்ட கையேடு இந்தப் போலி அரக்குக்காகவே எழுதப்பட்டது. டிரிபோலி மண்ணை வைத்து மெருகேற்றும் முறை அதில் இருக்கிறது. 18-ஆம் நூற்றாண்டுப் பாரிஸில் மார்ட்டின் சகோதரர்களின் வார்னிஷ் அரண்மனை வரை போனது. பிரபுக்களின் குதிரை வண்டிகளிலும் ஏறியது.

குதிரை வண்டிதான் முக்கியம். பெட்டியில் தொடங்கிய கலை அங்கேதான் சக்கரத்துக்கு வந்தது. வண்டிக்கு வண்ணம் தீட்டுகிறவர் அடிப்பூச்சை அடுக்கடுக்காகப் போட்டு, நுரைக்கல் கட்டியால் தண்ணீர் விட்டுத் தேய்ப்பார். நிறத்துக்கு மேல் வார்னிஷ். அதையும் நுரைக்கல் தூளும் ஈரத்துணியும் வைத்து மங்கலாக்குவார். கடைசி வார்னிஷ் மட்டும் தேய்க்காமல் நிற்கும். அதற்கெனத் தனி அறை, தரையில் தண்ணீர் தெளித்து, ஆள் நடமாட்டமில்லாமல். ஜப்பானியர்களின் இரண்டு வழிகளும் இங்கே ஒரே வண்டியில் கூடியிருக்கின்றன: உள்ளே அத்தனை அடுக்கும் ரோயிரோ, வெளியே ஒன்றே ஒன்று நுரிதாதே. ஒரு வண்டி முடிய வாரக்கணக்கில் ஆகும். ஆரம்ப கால மோட்டார் கார்களும் அதே வேகத்தில்தான் பெயிண்ட் ஷெட்டில் கிடந்தன.

அந்தக் காத்திருப்பை உடைத்தது டூக்கோ. டூபான்ட் நிறுவனமும் ஜெனரல் மோட்டார்ஸும் சேர்ந்து கொண்டுவந்த நைட்ரோசெல்லுலோஸ் லாக்கர் அது. 1923-இல் நீல நிற ஓக்லண்ட் கார்களில் முதலில் வந்தது. வாரக்கணக்கு மணிக்கணக்காகச் சுருங்கியது. நம் ஊர் பெயிண்டர்கள் வாயில் அந்தப் பெயர் இன்னும் இருக்கிறது; எந்தக் கம்பெனி லாக்கரானாலும் ‘டூக்கோ அடிக்கிறது’ என்றுதான் மேஸ்திரி சொல்வார்.

ஆனால் டூக்கோ கன்னிலிருந்து பளபளத்து வராது. படலத்தில் இருப்பதில் பெரும்பகுதி தின்னர். அது பறந்ததும் மிச்சம் சுருங்கி மங்கி நிற்கும். கோட் மேல் கோட் ஏற்றி, தண்ணீர் விட்டுத் தேய்த்து, காம்பவுண்ட் போட்டால்தான் ஒளி. அதாவது, தொழிற்சாலை எவ்வளவு வேகமாக ஓடினாலும் ரோயிரோக்காரரின் விரல் வரிசையின் கடைசியில் நின்றுகொண்டிருந்தது. பின்னால் அந்த விரலுக்கு மின்மோட்டார் பூட்டினார்கள், அவ்வளவே.

மழைக்காலத்தில் எங்கள் ஷெட்டில் டூக்கோ அடிக்க மாட்டார்கள். அடித்தால் வெள்ளை பூக்கும். தின்னர் வேகமாகப் பறக்கும்போது பரப்பு குளிர்கிறது. காற்றின் ஈரம் அதன்மேல் படிகிறது. படலம் பால் மாதிரி வெளுக்கிறது. உருஷியை இறுக்கும் அதே ஈரம் டூக்கோவுக்கு எமன். சென்னையில் மாடல் கட்டுகிறவர்கள் அக்டோபர் தொடங்கி இந்தத் தொல்லையைப் பார்ப்பார்கள். மெதுவாகப் பறக்கும் ரிடார்டர் தின்னரை மெல்லிய பனியாகத் தூவினால், வெளுத்த படலம் மறுபடி இளகி, சிக்கிய ஈரத்தை விட்டுவிட்டுத் தெளியும். வாட்டர் பேப்பர் இல்லாமல் தீரும் குறைகளில் இது ஒன்று.

1950-களின் பின்பாதியில் டூபான்ட் அக்ரிலிக் லாக்கரைக் கொண்டுவந்தது. ஜெனரல் மோட்டார்ஸ் தன் ஆலைகளில் அதற்கு வைத்திருந்த முறையைப் படித்தபோது எனக்கு மனசு நிறைந்துபோனது. காரை ஒருமுறை சூட்டடுப்பில் பாதி வேகவைப்பார்கள். வெளியே எடுத்து, தூசி, வழிசல், ஆரஞ்சுத் தோல் இருக்கும் இடங்களை மட்டும் வாட்டர் பேப்பரால் தேய்ப்பார்கள். மறுபடி அடுப்பு. இந்த முறை சூட்டில் லாக்கர் லேசாக இளகி ஓடி, பேப்பர் கீறல்களைத் தானே மூடிக்கொள்ளும். வேகவை, தேய், வேகவை. குறை வரும் என்று முன்னமே எதிர்பார்த்து, அதற்கு வரிசையில் ஓர் இடம் ஒதுக்கிவைத்த தொழில் அது.

இதே ஜெனரல் மோட்டார்ஸ்தான் சிறுவர்களையும் பெயிண்ட் ஷெட்டுக்குள் இழுத்தது. அதன் பிரிவான ஃபிஷர் பாடி 1930-இல் கிராஃப்ட்ஸ்மேன்ஸ் கில்ட் என்று ஒரு போட்டியைத் தொடங்கியது. பதின்ம வயதுப் பையன்கள் நெப்போலியன் பாணி அரச வண்டியின் சிற்றுருவை முதலிலிருந்து தங்கள் கையாலேயே செய்து அனுப்ப வேண்டும்: மரம், உலோகம், மெத்தை, பெயிண்ட் எல்லாம். 1930-களின் பின்பாதியில் கார் வடிவமைப்பும் சேர்ந்தது. பையன்கள் தாங்களே கற்பனை செய்த காரை மரத்தில் செதுக்கி லாக்கர் அடித்தார்கள். பரிசு கல்லூரி உதவித்தொகை. 1947-இல் வென்ற சக் ஜோர்டன் பின்னாளில் ஜெனரல் மோட்டார்ஸின் வடிவமைப்புத் தலைவரே ஆனார். 1968 வரை போட்டி நடந்தது. மரத்தில் செய்த மாடலுக்கு, பெரிய காருக்குச் செய்வது அத்தனையும் செய்தாக வேண்டும்: ரேகை அடைத்தல், பிரைமர், தேய்த்தல், நிறம், தேய்த்தல், மெருகு. கொல்லைப்புறத்தில் ஒரு பதினைந்து வயதுப் பையன் அதைச் செய்து முடித்துத் தபாலில் அனுப்பினான் என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்குப் பெரும் மரியாதை வருகிறது.

பிளாஸ்டிக் கிட்டுகள் வந்ததும் அந்த நீண்ட பாதை சுருங்கியது. பாலிஸ்டைரீன் அச்சிலிருந்தே வழவழப்பாக வரும். ரேகையும் இல்லை, பட்டியும் வேண்டாம். 1949-இல் அமெரிக்காவில் எட் சீமோர் பெயிண்டை அழுத்த டப்பாவில் அடைத்தார். அலுமினியப் பெயிண்டுக்காகத் தொடங்கியது சில ஆண்டுகளில் எல்லா நிறத்துக்கும் பரவியது. 1958-இல் ஏஎம்டி நிறுவனம் ஒரே பெட்டியில் மூன்று விதமாகக் கட்டக்கூடிய 25-இல் 1 அளவு கார் கிட்டுகளை விற்க ஆரம்பித்தது. கலிஃபோர்னியாவின் கஸ்டம் கார்களில் மின்னிய கேண்டி சிவப்பைப் பையன்கள் மாடலில் கேட்டார்கள். வெள்ளியோ தங்கமோ அடித்து, மேலே கண்ணாடி போன்ற நிறம் அடித்து, அதற்கும் மேலே கிளியர். மெருகேற்ற அவர்களிடம் தனிக் காம்பவுண்ட் இல்லாதபோது வீட்டுப் பற்பசையை எடுத்தார்கள். அதிலும் நைஸ் தூள்தானே இருக்கிறது. மான் கொம்புத் தூளின் கடைக்குட்டித் தம்பி.

இதற்குள் மாடல்களின் தலைநகரம் ஷிசுவோகாவுக்கு நகரத் தொடங்கியிருந்தது. அது பழைய சுன்பு. தோக்குகாவா இயேயாசு 1607-இல் ஓய்வுக்கு வந்து தங்கி, 1616-இல் இறந்த கோட்டை நகரம். கோட்டைக்கும் செங்கென் கோயிலுக்கும் வரவழைக்கப்பட்ட தச்சர்களும் அரக்குக் கலைஞர்களும் அங்கேயே தங்கிவிட்டதாக ஊர் வழக்கு. சுருகா அரக்குச் சாமான்கள் மெய்ஜி காலத்தில் கப்பலேறி வெளிநாடு போயின. மலை முழுக்க மரம், ஊர் முழுக்க மரவேலை. அந்த மண்ணில்தான் 1924-இல் ஆஓஷிமா, 1941-இல் ஹசெகவா. 1946-இல் தமியா ஒரு மரக்கடையாகத் தொடங்கியது. மர மாடல்கள் செய்தது. 1951-இல் தீயில் இழந்தது. பிறகு மரவியாபாரத்தை விட்டு மாடலையே பிடித்துக்கொண்டது. 1960-இல் அதன் முதல் பிளாஸ்டிக் கிட், யமாட்டோ போர்க்கப்பல்.

மரவேலையிலிருந்து மாடல் வந்தது ஊரறிந்த கதை. அரக்கு வேலையிலிருந்தும் ஏதோ வந்தது என்பது என் தனிக் கருத்து; ஆவணம் காட்ட முடியாது, ஆனால் கருவிகளைப் பார்த்தால் என்னால் வேறு மாதிரி நினைக்க முடியவில்லை. ஜப்பானிய மாடல் கம்பெனிகள் விற்கும் பொருட்களைப் பாருங்கள். லாக்கர் கிளியரை விற்கிற அதே கடை அலமாரியில், அதற்குப் பக்கத்திலேயே, வாட்டர் பேப்பர் சின்னச் சின்னத் துண்டாக வரிசை எண்ணோடு தொங்கும். கரடு, நைஸ், முடிப்பு என்று மூன்று படியில் காம்பவுண்ட் இருக்கும். பூசுவதை விற்கிறவரே தேய்ப்பதையும் விற்கிறார். படம் போட்ட விளக்கங்களிலும் தேய்ப்பது கடைசிப் படிநிலைகளில் ஒன்றாகவே வரும், விபத்துக்கான வைத்தியமாக வராது. அமெரிக்காவிலிருந்து வந்து சேர்ந்த நல்ல கருவி ஒன்று உண்டு: மைக்ரோ மெஷ். விமானத்தின் அக்ரிலிக் ஜன்னல்களில் கீறல் போக்கப் பயன்பட்ட மெத்தென்ற துணி. 12000 எண் வரை வரும். மாடல்காரர்கள் அதைத் தங்களுடையதாக்கிக்கொண்டார்கள்.

பிறகுதான் எண்ணம் மாறியது. 1937-இல் ஜெர்மனியில் ஓட்டோ பேயர் குழுவினர் கண்டறிந்த பாலியூரித்தேன் வேதியியல், பல பத்தாண்டுகளுக்குப் பின் இரு பொருள் கலந்து அடிக்கும் கிளியராக ஷெட்டுகளுக்கு வந்தது. 1980-களில் நிறம் தனி, அதன்மேல் கிளியர் தனி என்பது கார்த் தொழிலின் வழக்கமானது. அதற்குக் காரணமும் நியாயமானது. மெட்டாலிக் நிறத்தை நேரடியாகத் தேய்த்தால் அலுமினியத் துகள் வெளிப்பட்டுத் திட்டுத் திட்டாகும். கிளியர் மேலே இருந்தால் தேய்மானம் நிறத்தைத் தொடாது. அந்த இரு பொருள் கிளியர் கன்னிலிருந்தே ஈரம் மாதிரி பளபளக்கும். தேய்க்க வேண்டியதே இல்லை என்று விற்றார்கள். தேய்க்க வேண்டியதில்லை என்று ஒரு பொருள் வந்ததும், தேய்க்க நேர்வது தோல்வி என்று ஆகிவிட்டது. பையன்கள் சோர்ந்துபோய் என்னிடம் வருவதற்கு வேர் அங்கே இருக்கிறது.

அந்தக் கிளியரை நானும் அடிக்கிறேன், நன்மை தெரியும். ஆனால் அதன் கடினகாரியில் ஐசோசயனேட் இருக்கிறது. மூச்சில் ஏறினால் ஆஸ்துமாவைத் தரும். ஒருமுறை உடம்பு அதற்கு ஒவ்வாமை கொண்டுவிட்டால் பிறகு துளிகூடத் தாங்காது. துணி மாஸ்க் எதற்கும் உதவாது. வெளிக்காற்றைக் குழாயில் கொண்டுவரும் முகக்கவசம்தான் முறையான காப்பு. அது இல்லாத வீட்டு மொட்டை மாடியில், குழந்தைகள் ஓடும் அறையில், தயவுசெய்து இதை அடிக்காதீர்கள். லாக்கர் கிளியரும் கதவைச் சாத்திக்கொண்டு அடிக்கும் பொருள் அல்ல.

இரண்டுக்கும் தேய்க்கும்போது தெரியும் வேறுபாடு ஒன்று உண்டு. லாக்கரின் அடுத்த கோட் முந்தைய கோட்டைக் கரைத்து ஒன்றாகிவிடும். எவ்வளவு தேய்த்தாலும் அடுக்கின் எல்லை தெரியாது. பாலியூரித்தேன் இறுகிய பிறகு கரையாது. மேல் கோட்டைத் தாண்டிக் கீழ்க் கோட்டுக்குள் பேப்பர் இறங்கினால், மங்கிய வளையம் ஒன்று தெரியும், எந்தக் காம்பவுண்டுக்கும் போகாது. முழுப் பலகைக்கும் மறுபடி அடிக்க வேண்டியதுதான்.

அளவுக் கணக்கையும் பார்க்க வேண்டும். நிஜக் காரில் கிளியர் ஏறக்குறைய 50 மைக்ரான். அதே 50 மைக்ரானை 24-இல் 1 மாடலில் அடித்தால், நிஜ அளவில் அது 1.2 மில்லிமீட்டர் கனத்துக்குச் சமம். கதவு இடுக்குகள் அடைந்து, காரின் வரிகளெல்லாம் மழுங்கும். அதனால் மாடலில் தேய்ப்பது பளபளப்புக்கு மட்டுமில்லை, கனத்தைக் குறைக்கவும்தான். அவசரப்பட்டால் லாக்கர் பின்னால் சுருங்கி, கீறல்களை மறுபடி காட்டும். மூக்கருகே வைத்துப் பார்ப்பேன். தின்னர் வாசனை இருக்கும் வரை தொட மாட்டேன். வழிசலை ஒரு கட்டைத் துண்டில் சுற்றிய 2000 பேப்பரால் மேட்டை மட்டும் எடுப்பது, தூசிக்கு விரல்நக அளவு இடம் மட்டும், விளிம்புகளுக்கு டேப். பூச்சு விளிம்பிலிருந்து விலகி ஓடும், பேப்பரோ விளிம்பைத்தான் முதலில் கடிக்கும். நிறம் வரை தேய்ந்துபோவது பெரும்பாலும் அங்கேதான். தண்ணீரில் ஒரு சொட்டுப் பாத்திரம் கழுவும் சோப்பு. இடையிடையே துடைத்து, விளக்கைச் சாய்த்துப் பிடித்துப் பார்ப்பது. மங்கல் ஒரே சீராக வந்ததும் நிறுத்தி, காம்பவுண்டுக்குப் போவது.

தமியா 1967-இல் வெளியிட்ட முதல் ஃபார்முலா 1 கிட், 12-இல் 1 அளவு ஹோண்டா ஆர்ஏ273. தந்த வெள்ளை நிறம், முன்னால் சிவப்புச் சூரியன். இந்தக் கார் மாடலுக்கு ஈரம் சொட்டுவது போன்ற கிளியர் அடித்துக் கொண்டுவருகிறவர்கள் உண்டு. அந்தக் காலப் பந்தயக் காரில் இன்றைய கிளியர் கிடையாது. அதன் ஒளி நிறத்திலேயே இருந்தது, அடக்கமாக. நான் அதற்கு நிறத்தை இரண்டு கோட் கூடுதலாக அடித்து, அந்த வெள்ளையையே நேராகத் தேய்த்து மெருகேற்றுவேன். டீக்கால்கள் கிளியர் இல்லாமல் மேலே நிற்கும். விளிம்பு கையில் தட்டும். நிஜக் காரிலும் சூரியனும் எண்ணும் பூச்சின் மேலேதான் இருந்தன.